ஹவுரா லைனில் பாலம் உயர்ந்தபோது

மரம் இரும்பில் உரசும் சத்தம்... பல் கூசுகிற மாதிரி. சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலைச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. ஹவுராவுக்குச் சற்றுத் தள்ளி, கூட்ஸ் லைனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் இன்ஜினியரிங் பிரிவில் இன்ஸ்பெக்டர். துறைமுகத்திலிருந்து பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் அந்த லைனில் போகப்போகின்றன என்று பேச்சு. கண்டெய்னர் என்ற வார்த்தையே எங்களுக்குப் புதிது. பெட்டி எங்கும் தட்டாமல் போகுமா என்று பார்க்க, ஒரு வேகனில் அதே உயரத்துக்கு மரச்சட்டம் கட்டி, நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். எங்கள் நடைபாலத்தின் அடியில் சட்டம் உரசி நின்றுவிட்டது.

அதற்கு மேலே மின்கம்பி வேறு வர வேண்டும். பாலத்தை உயர்த்தியே ஆக வேண்டும் என்றார்கள்.

பெட்டிக்கு வழி கிடைத்துவிடும்... சந்தியா பௌதிக்கு?

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. காலனியில் எல்லோருக்கும் அவள் பௌதிதான். லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. பாலம் ஏறி இறங்கி, எங்கள் பக்கத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்க வருவாள். அவள் என் மகனுக்கு எழுதிக்கொடுத்த வங்காள எழுத்தைப் பார்த்துப் பார்த்தே நானும் படிக்கப் பழகினேன். சிறு வயதில் வந்த காய்ச்சல் அவள் இருதயத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. பழைய படியிலேயே நின்று நின்று மூச்சு வாங்குவாள்; பாலம் உயர்ந்தால் படியும் கூடும். கணவர் வேலை பார்த்த சணல் மில் பூட்டிக் கிடந்தது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பாலத்தை ஏன் தூக்க வேண்டும், தண்டவாளத்தை இறக்கினால் என்ன என்று இவரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதான் என்றார். ஆனால் ஒரு மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர் இது, பள்ளம் பண்ணினால் லைனே குளமாகிவிடும் என்றார்.

பிறகு தயங்கி இன்னொன்று சொன்னார். படிக்குப் பதில் நீளமாக, சரிவாக ராம்ப் போடலாம். இருதயக்காரர்களும் மெதுவாக நடந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் காலி இடம் இருக்கிறது. இந்தப் பக்கம்தான்...

இந்தப் பக்கம் பாலத்தடியில் இருந்தது எங்கள் முருகன் கொட்டகை.

தகரக் கூரை, மூங்கில் தூண், உள்ளே ஒரு வேலாயுதம், ஒரு படம். அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலனித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் கூடும். வாய்விட்டுத் தமிழில் பாட எங்களுக்கு வேறு இடம் கிடையாது. எண்ணெய், கற்பூரத்திலிருந்து தகரம் மாற்றியது வரை கணக்கு என்னிடம். ஒரு பைசா பிசகாது.

ரயில்வே நிலத்தில் அனுமதி வாங்காமல் போட்ட கொட்டகை. ஆபீஸ் உத்தரவு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரே நாளில் பிரித்திருக்கலாம்.

"அப்படி நான் செய்ய மாட்டேன். நீங்களா மனசு வச்சு எடுத்தா ராம்ப். இல்லேன்னா படிதான்," என்றார்.

பிளானை அனுப்பும் நாள் நெருங்கியது. அந்த வெள்ளிக்கிழமை பாட்டு முடிந்து, விபூதி கொடுத்த கையோடு விஷயத்தைச் சொன்னேன்.

வள்ளியம்மை அக்கா எழுந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர், எங்களில் மூத்தவர். அந்த வேலாயுதத்தைத் திருச்செந்தூரிலிருந்து மடியில் வைத்தபடியே ரயிலில் கொண்டுவந்தவர்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு பாலத்த அளந்தது போதாதுன்னு நீ சாமியையும் அளக்க வந்துட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கு வேறு டீச்சரே கிடைக்காதா என்று ஒருவர் கேட்டார். முருகனைப் பார்த்தேன். பல நாளாக அவனிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், உன்னை இங்கிருந்து எழுப்பலாமா என்று...

அப்போதுதான் பௌதி வந்தாள். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனவள், யாரோ சேதி சொல்ல, மறுபடி பாலம் ஏறி வந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தூணைப் பிடித்தபடி மண்ணிலேயே உட்கார்ந்தாள். பேச வாய் திறந்தால் மூச்சுதான் வந்தது.

முதலில் ஓடியது வள்ளியம்மை அக்காதான். சொம்புத் தண்ணீரை வாயில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மூச்சு சற்று அடங்கியதும் பௌதி கேட்டாள்.

"தோமாதேர் டாகுர் கோத்தாய் ஜாபே?"

உங்கள் சாமி எங்கே போகும் என்று கேட்கிறாள் என்றேன். கொட்டகையைத் தொடாதீர்கள், நான் பள்ளியை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் அவ்வளவு படியும் ஏறி வந்திருக்கிறாள்.

அக்காவின் கை அவள் முதுகிலேயே இருந்தது.

"எங்க வீட்டு அலமாரியில எடம் இருக்குன்னு சொல்லுட்டி," என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களே பிரித்தோம். தேங்காய் உடைத்து, வேலாயுதத்தை அக்கா எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டபோது எங்களால் பாட முடியவில்லை.

ராம்ப் வந்தது. பௌதி பல வருஷம் குடையை ஊன்றிக்கொண்டு அதில் நிதானமாக நடந்து வந்தாள். எங்களுக்குத்தான் அந்த மாதிரி இடம் பிறகு அமையவே இல்லை. வீடு வீடாகப் பாடினோம். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாகுமோ என்று மெல்லப் பாடினோம். ஒவ்வொரு குடும்பமாக மாற்றலாகிப் போக, அதுவும் நின்றது.

இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலிகஞ்சில் மகன் வீட்டில் இருக்கிறேன். கண்டெய்னர் மேல் கண்டெய்னர் அடுக்கி ஓடுகிற ரயிலை அவன் போனில் காட்டினான். அதற்காக எங்கெங்கோ பாலங்களை இன்னும் உயர்த்துகிறார்களாம். இவர் இருந்திருந்தால் மேலே எவ்வளவு இடைவெளி என்று கேட்டிருப்பார். எனக்கு அந்தப் பாலங்களின் இரண்டு பக்கமும் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று மனது ஓடியது.

போன மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பழைய இடத்தைப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இடிந்து கிடக்கிறது. ராம்ப் அப்படியே இருக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், தலையில் கூடையோடு ஒரு மீன்காரி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஒரு பெரியவர்... அங்கே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கொட்டகை இருந்த இடத்தில், ராம்பின் அடியில் போய் நின்றதும் செருப்பைக் கழற்றினேன்.

"என்னம்மா, கல்லு குத்தும்," என்றான்.

குத்தினால் குத்தட்டும்டா என்று வெறுங்காலோடு ஏறினேன்.