சாட்சியை ஏன் பூட்டினார்கள்

கரும்பு வெட்டும் அண்ணன் தம்பி இரண்டு பேர். தியாகதுருகத்து டெய்லர் ஒருவர். ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தவர் ஒருவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர் ஒருவர். அப்புறம் நான். லாக்கப்பில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல் நடந்த வருடம். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்.

எனக்குக் கல்வராயன் மலையில் ஊர். அன்று ஒரு மூட்டை கடுக்காயைத் தலையில் வைத்து இறங்கி வந்தேன். பஸ் ஓடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நடந்தேன். ஒரு இடத்தில் பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் மலையில் பாதையில் மரம் விழுந்தால், கொடுவாளோடு யார் முதலில் வருகிறாரோ அவர் வெட்டி வழி பண்ண வேண்டும். யாரும் சொல்ல மாட்டார்கள். தாண்டிப் போனால் மானக்கேடு. நான் மூட்டையை இறக்கிவைத்தேன். கிளையைக் கழிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். எனக்கு விளங்கவில்லை. அப்புறம் போலீஸ் ஜீப் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. கையில் கொடுவாள் இருந்தது. பிடித்துப் போட்டார்கள்.

உள்ளே இருந்த ஐந்து பேரும் மறியலுக்குப் போனவர்கள். என் கதையைக் கேட்டு டெய்லர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"யோவ், ஊரே சேந்து மரத்தப் போட்டுக்கினு நிக்குது. நீ ஒத்தையா வந்து வழி பண்ணிக்கினு இருக்கிற. இன்னா ஆளுய்யா நீ?"

டீக்கடைக்காரர் சொன்னார்: "போட்டவனும் உள்ள, எடுத்தவனும் உள்ள. அப்ப ரோட்டுல யாருதான்யா நடக்கறது?"

அவர்களுக்கு வீட்டிலிருந்து சோறு வந்தது. எனக்கு வராது. நான் இங்கே இருப்பது வீட்டுக்குத் தெரியாது. வண்டிக்காரர் தூக்குவாளியைத் திறந்து முதல் கை எனக்குத்தான் வைத்தார். வேண்டாம் என்றேன். "மலக்காரரே, ரோட்டத்தான் தொறந்த. வாயையும் தொற" என்றார். தின்றேன்.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அதையும் அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் ஸ்டேஷன் ரைட்டர் என்னை வெளியே கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். மை டப்பா.

"கைநாட்டு வெச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார்.

எனக்கு அப்போது எழுத்து தெரியாது. மனைவி நினைப்பாகவே இருந்தது. விரலை வேட்டியில் துடைத்தேன்.

அந்த நேரம் ஒரு அம்மா படியேறி வந்தார். ஒல்லியான ஆள். தோளில் துணிப்பை. காலெல்லாம் புழுதி. பஸ் இல்லாமல் நடந்தே வந்திருக்கிறார். மனித உரிமைக் குழு என்று சொன்னார். உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்.

"அஞ்சு பேரும்மா. நோட்ல இருக்குது, பாருங்க" என்றார் ரைட்டர்.

"இவரு யாருங்க?"

"இவன் சாட்சிம்மா."

"சாட்சிய எதுக்குங்க உள்ள வெச்சுப் பூட்டினீங்க?"

ரைட்டர் மை டப்பாவை மூடினார். திரும்பத் திறந்தார்.

அந்த அம்மா என்னிடம், "அண்ணே, இதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். நின்றபடியே தாளைச் சத்தமாகப் படித்தார். அந்த ஐந்து பேரும் மரத்தை வெட்டியதை நான் கண்ணால் பார்த்தேனாம். வண்டிக்காரர் போலீஸ்காரரை அரிவாளால் வெட்ட வந்தாராம். அதையும் பார்த்தேனாம்.

நான் வந்தபோது மரம் கிடந்தது. அதைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை.

"வெக்கிறதும் வெக்காததும் உங்க இஷ்டம். இவங்களும் கட்டாயம் பண்ண முடியாது, நானும் பண்ண மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

லாக்கப் பக்கம் பார்த்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வண்டிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெச்சிட்டுப் போ, மலக்காரரே. வூட்ல புள்ளத்தாச்சி இருக்குதில்ல. எங்களுக்கு ஆளு இருக்குது, நாங்க பாத்துக்கறோம்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வைத்திருப்பேன். தெரியவில்லை.

"மரம் கெடந்துது. நான் வெட்டனேன். வேற ஒண்ணும் பாக்கல" என்றேன்.

அந்த அம்மா பையிலிருந்து வேறு தாள் எடுத்தார். நான் சொன்னதை எழுதினார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்குப் படித்துக் காட்டினார். சரியா என்று கேட்டார். சரி என்றேன். அதில் கை வைத்தேன்.

அன்றே என்னை ஆறாவது ஆளாகக் கேசில் சேர்த்தார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, ஆறு பேரையும் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அந்த அம்மா என் ஊரை விசாரித்து மலை ஏறினார். திரும்பி வந்து ஜெயிலில் என்னைப் பார்த்தார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். கேசைப் பற்றிச் சொன்னதற்கு என் மனைவி அவரிடம் கேட்டது இதுதான்: "மரம் கெடந்தா வெட்டத்தானே செய்வாரு? அதுக்கு இன்னா கேஸு?" அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. குழந்தை பிறந்ததற்கு டீக்கடைக்காரர் வார்டரிடம் வெல்லம் கேட்டார். கிடைக்கவில்லை. ஐந்து பேரும் மாற்றி மாற்றி என் முதுகில் தட்டினார்கள். வலித்தது.

ஜாமீனில் ஆறு பேரும் ஒன்றாக வந்தோம். எனக்கு ஜாமீன் நின்றது வண்டிக்காரரின் மச்சான். பிறகு கேஸ் தள்ளுபடி ஆனது.

அதன் பிறகு எத்தனையோ தாள் என் முன்னால் நீட்டியிருக்கிறார்கள். படித்துக் காட்டுங்கள் என்று கேட்காமல் ஒன்றிலும் கை வைத்ததில்லை. என் வாயில் வந்ததை எழுதி, சரியா என்று என்னையே கேட்ட முதல் ஆள் அந்த அம்மா. அன்றுதான் என் பேச்சுக்கும் ஒரு கனம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. ரைட்டர் நீட்டிய தாளில் கை வைத்திருந்தால் அன்று சாயங்காலமே வீட்டில் இருந்திருப்பேன். வைக்காததால் உள்ளே இருந்தது பதினேழு நாள்.