ஆக்ராவில் ஒரு வெள்ளிக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். ஏற்றுமதியில் கழித்துவிட்ட பனியன்களை நடைபாதையில் குவித்து வைத்து விற்பார்களே, அங்கேதான். குனிந்து கிளறிக்கொண்டிருந்தபோது தாஜ்மகால் அச்சடித்த ஒரு டீ-சர்ட் கையில் வந்தது. அச்சு கோணலாக விழுந்து, ஒரு தூண் அக்குளுக்குள் போயிருந்தது.

புது பனியன் துணிக்கு ஒரு வாடை உண்டு. பிளீச்சும் இஸ்திரி ஆவியும் கலந்த வாடை. அது மூக்கில் ஏறினால் எனக்குப் பசிக்கும். வேலைக்குப் போன காலத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் இஸ்திரிப் பக்கமாக நடப்பேன், அந்தப் பழக்கம். அன்றைக்குப் பசிக்கவில்லை. கோபம் வந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன்.

"வேண்டாம்னா வெச்சிருங்கக்கா. அதைய ஏனுங்க மொறைக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. ஆபீசில் டைப் அடிப்பது. தனியாக ஹிந்தி படித்துப் பரீட்சை எழுதியிருந்ததால் கம்பெனியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை. அந்த ஹிந்தியின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்! துளசிச் செடியைப் பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதுவேன். கக்கூஸ் எங்கே என்று கேட்கத் தெரியாது.

உள்ளே தையல் லைனில் புஷ்பக்கா இருந்தார். தாராபுரம் பக்கத்து கிராமம், கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். ஓவர்லாக் மெஷினில் அவர் கை வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சுத் துணை நிச்சயம். அந்த வருஷம் ஊர்ப் பெயர் போட்ட டீ-சர்ட்டுகள்தான் பெரிய ஆர்டர். பாரிஸ், ரோம், நியூயார்க், ஆக்ரா. "இன்னைக்கு ரோமுக்குத் தோள்பட்டை வெச்சாச்சு, மத்தியானம் பாரிசுக்குக் கை வெக்கோணும்" என்பார். லைனே சிரிக்கும்.

அப்போதுதான் டெல்லியில் ஒரு கண்காட்சி வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருவார்கள். அவர்கள் கண்ணெதிரே தைத்துக் காட்ட வேண்டும் என்று மேனேஜருக்கு யோசனை. ரயிலில் அத்தனை தூரம் வரப் பெண்களை வீட்டில் விடுவார்களா? "கடைசி நாள் தாஜ்மகாலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மேனேஜர். லைனிலிருந்து ஒரு சிலர் பெயர் கொடுத்தார்கள். ஹிந்தி பேச ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்தார்கள். புஷ்பக்கா புதுப் புடவை எடுத்து, ரவிக்கையும் தைத்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

டெல்லி எப்படி இருந்தது என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். எனக்கு டெல்லி என்றால் ஒரு பஸ் ஜன்னல். விடிந்ததும் பஸ்ஸில் ஏற்றுவார்கள், இருட்டியதும் இறக்குவார்கள். செங்கோட்டை என்பது ஒரு பக்கமாக ஓடி முடிந்த சிவப்புச் சுவர். குதுப் மினாரை எனக்குக் காட்டிவிட்டு, மற்றவர்கள் திரும்புவதற்குள் பஸ் திரும்பிவிட்டது. குளிர் என்றால் அப்படிக் குளிர். சாலையோரம் மக்கள் எதையெதையோ எரித்துக் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புகையும் பொரிக்கிற எண்ணெய் வாசமும் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ஊர் வரவில்லை.

கண்காட்சியில் ஒரு கண்ணாடி அறை கட்டி, அதற்குள் மெஷின் போட்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் உள்ளே தைத்தார்கள். வெளியே கோட்டு சூட்டுப் போட்டவர்கள் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியில் கேமராவை ஒட்டிவைத்து புஷ்பக்காவின் கையை மட்டும் படம் எடுத்தார். முகத்தை எடுக்கவில்லை. "ஊரைப் பாக்கலாம்னு வந்தோம் கண்ணு. ஊரு வந்து நம்மளைப் பாத்துட்டுப் போகுது" என்றார் அக்கா. அப்போது அவருக்குக் கோபமில்லை. வெள்ளிக்கிழமை ஆக்ரா போகிறோமே!

போனோம். தாஜ்மகால் வாசலில் கூட்டமே இல்லை. பெரிய கதவு சாத்தியிருந்தது. சாலையில் ஒட்டகம் ஒன்று படுத்திருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று காவலர் சொன்னார்.

"அடடா, தெரியாமப் போச்சே! சரி, கேட்டுகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கங்க. சாயங்காலம் ரயில் இருக்குது, கெளம்பலாம்" என்றார் மேனேஜர்.

பெண்கள் முகம் தொங்கிவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால் சுவர்தான் தெரியும் ஐயா! எங்கள் பஸ் டிரைவர், ஆக்ராக்காரர், என் பக்கம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். என் துளசிச் செடி ஹிந்திக்கே அது புரிந்தது. புதன்கிழமை மேனேஜரையும் முதலாளி வீட்டாரையும் இங்கே கூட்டி வந்ததே அவர்தானாம். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்று அன்றைக்கே சொன்னாராம். "அது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றாராம் மேனேஜர்.

சனிக்கிழமை என்றால் எல்லோரும் இன்னொரு நாள் தங்க வேண்டும். திருப்பூரில் லைன் இன்னொரு நாள் நிற்கும். பொய் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. அவ்வளவுதான் கணக்கு. ஆத்திரத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அதைத் தமிழில் சொன்னேன்.

புஷ்பக்கா மேனேஜரைப் பார்த்தார். "தெரியுமுங்களா சார்?"

"ரயிலுக்கு நேரமாச்சு, ஏறுங்க."

"தெரியுமான்னு கேட்டனுங்க."

"ஏறாதவங்க அப்பிடியே ஊட்டுக்குப் போயிருங்க. கம்பெனிப் பக்கம் வர வேண்டாம்."

அக்கா அந்தப் புதுப் புடவையோடு சாலையோரத்தில் உட்கார்ந்தார். "நாளைக்குத் தொறப்பாங்கல்ல? பாத்துப்போட்டு வர்றனுங்க" என்றார். மற்றவர்களுக்குக் கைக்குழந்தை, காய்ச்சலில் மாமியார், ஆயிரம் இருந்தது. தலையைக் குனிந்தபடி ஏறினார்கள். பாஷை தெரியாத ஊரில் அக்காவைத் தனியே விட முடியாதென்று நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

அவர்களை ரயிலில் ஏற்றிவிட்டு டிரைவர் திரும்பி வந்தார். தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். முட்டுச்சந்தில் ஓர் அறை வீடு. அந்த அம்மாள் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. சுடச்சுட ரொட்டி போட்டு, தன் போர்வையையும் எங்களுக்கே கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

மறுநாள் பார்த்தோம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அதை மறைப்பானேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆற்றுப் பக்கமாக உட்கார்ந்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"அழகாத்தான் இருக்குது. ஆனா கண்ணு, இதையப் போயி வயித்தெரிச்சலோட பாக்க வெச்சுட்டான் பாரு. அதுக்குத்தான் அந்தாளை உட மாட்டேன்."

பொதுப் பெட்டியில் கால் நீட்ட இடமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எங்களை மறித்தார். மேனேஜர் உத்தரவு. அக்கா திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நானும் நின்றேன்.

முன்னால் வந்துவிட்ட பெண்கள் உள்ளே எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. திடீரென்று உள்ளே ஒரு மெஷின் சத்தம் குறைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. கடைசியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆக்ராவில் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார்களே, அவர்கள்தான் முதலில் நிறுத்தினவர்கள். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது.

சாப்பாட்டு மணிக்கு முன்பே மேனேஜர் கேட்டுக்கு வந்தார். "வாங்க புஷ்பம், வந்து உக்காருங்க."

"தெரியுமுங்களா சார்?"

உள்ளிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாட்ச்மேனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தெரியும்" என்றார், வாய்க்குள்ளேயே.

"அவங்களுக்குக் கேக்கலீங்க."

"தெரியும்மா! தெரியும்!"

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய், மெஷினைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மேனேஜர் எங்கே போனாரோ தெரியாது. புஷ்பக்கா தாராபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டு. கட்டடம் போனதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

அன்றைக்குக் காதர்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, கடல் பஸ் எங்கே?" என்று கேட்டாள். ஒடிசாவிலிருந்து வந்தவள், ஏதோ கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். ஹிந்தியில் விசாரித்தேன். ஊரில் வந்து ஆள் எடுத்த ஏஜென்ட் போனில் கடற்கரைப் படம் காட்டினானாம். திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கடல் என்றானாம். வந்ததிலிருந்து ஹாஸ்டல், வேன், கம்பெனி. அன்றைக்குத்தான் கடைத்தெருவுக்கு விட்டிருக்கிறார்கள்.

இங்கே கடல் இல்லை, இரவெல்லாம் பயணம் செய்தால்தான் வரும் என்று அவளிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் கம்பெனி வேன் வந்துவிட்டது. வார்டன் இறங்கிக் கூப்பிட்டாள். இந்தப் பெண் நகராமல் நின்று, கடல் இருக்கிறதென்று சொல்லித்தானே கூட்டி வந்தார்கள் என்று கேட்டாள். குரல் நடுங்கவில்லை. எனக்குப் புஷ்பக்காவே நிற்பது போலிருந்தது.

வார்டன் சிரித்தாள். வேனுக்குள் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பாஷை. பக்கத்து மெஷின்காரி பெயர் தெரிவதற்குள் லைன் மாற்றிவிடுகிறார்கள். அப்படி மாற்றச் சொல்கிறவனுக்கு அது ஏன் என்று நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் வேனுக்குள் சிரிக்கிறவர்களைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள்.