கோமியம் தெளித்த மூலைகள்

என் மகனுடைய மாமியாரை எனக்குப் பிடிக்காது. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அஞ்சாவது வரை படித்த எழுத்து இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். வாய்தான் எனக்கு வராது. நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தண்ணீர் வேண்டுமென்றுகூடக் கேட்க மாட்டேன். எழுந்துபோய் நானே மொண்டு குடித்துவிட்டு வருவேன். சம்பந்தியம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசுவார்.

மகனுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற வழியில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினோம். மகன், மருமகள், நான், என் நாய். நாட்டு நாய்தான், செவலை, ஆண். குட்டியிலிருந்து என் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கும். கடலூர் வீட்டுக்குள் அது ஒரு நாளும் மோண்டதில்லை. பின்கதவை மூக்கால் தள்ளும். திறந்துவிட்டால் மணலில் இறங்கிப் போய்க் காலைத் தூக்கிவிட்டுத் திரும்பிவிடும். புயல் மழையில் கதவைத் திறக்கத் தாமதமான நாளில்கூட அடக்கிக்கொண்டு நின்ற நாய் அது.

சிதம்பரத்தில் பிடித்தது மாடி வீடு. பால் காய்ச்சுகிற அன்றைக்குச் சம்பந்தியம்மா விருத்தாசலத்திலிருந்து வந்து இறங்கினார். வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சினால் போதும். அவருக்குப் போதவில்லை.

"முன்னாடி எவன் இருந்தானோ, என்னாத்த பண்ணானோ. ஒரு மாட்ட ஓட்டியாந்து உள்ள வுட்டு எடுங்க மாப்ள."

"அத்தை, மாடு எப்படி மாடிப்படி ஏறும்?" என்றான் மகன்.

"அப்ப கோமியமாவது தெளிக்கணும். சும்மா குடி வரக் கூடாது."

அதை முன்கூட்டியே பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். சொம்பில் ஊற்றி, மாவிலைக் கொத்தை முக்கி, கூடத்தின் மூலைமூலையாகத் தெளித்தார். சோபாவுக்குப் பின்னால், பூஜை அலமாரிக்குக் கீழே, வாசல் நிலையில். என் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது நாய் படுக்கற ரூமு. இதுல தெளிச்சி என்னா ஆவப் போவுது?"

நான் உள்ளேதான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாயைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று அவரிடம் யார் கேட்பது?

அன்று சாயங்காலமே நாய் கூடத்து மூலையில் காலைத் தூக்கியது. நான் ஓடிப்போய்த் துடைப்பதற்குள் வீடே கூடிவிட்டது. புது இடம், மிரண்டிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் சோபாவுக்குப் பின்னால். அதற்கு அடுத்து பூஜை அலமாரி ஓரம். மாடியிலிருந்து நான் அதைத் தெருவுக்கு அழைத்துப்போகாமல் இல்லை. முட்டி வலியோடு படி இறங்கி, தெருமுனைப் புங்கமரம் வரை கூட்டிப்போவேன். அங்கேயும் மோளும். திரும்ப வந்து, வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் வைக்கும்.

மருமகள் பினாயில் போட்டுத் துடைப்பாள். அவள் துடைத்து முடித்ததும் சம்பந்தியம்மா சொம்போடு வருவார். தீட்டுக் கழிக்க அதே இடத்தில் கோமியம். பாட்டில் தீர்ந்தால் மேலவீதிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்வார். பால் காய்ச்ச வந்தவர், "வூடு ஒரு நெலைக்கு வரட்டும்" என்று தங்கிவிட்டார்.

"நாய வூட்டுக்குள்ள வெச்சிக்கினு படுக்கறவங்களுக்கு மூக்கே செத்துடும் போல" என்பார், மகளிடம் பேசுகிற மாதிரி. "எங்க பக்கமெல்லாம் நாய்னா வாசலோட சரி. இங்க என்னடான்னா சாமி அலமாரிக்கு அதுதான் அபிசேகம் பண்ணுது."

மருமகள் சிரிப்பாள். மகன் சிரிக்க மாட்டான்; பேப்பரைச் சுருட்டி நாயை அடிப்பான். என் வயிற்றில் பிறந்தவன், அந்த நாய் குட்டியிலிருந்து நக்கிய கை, அந்தக் கையாலேயே அடிப்பான். நாய் என் கட்டிலுக்குக் கீழே போய் ஒண்டிக்கொள்ளும். அந்த வாரம் அவன் போட்ட காபியைக்கூட நான் குடிக்கவில்லை. அவன் கவனிக்கவும் இல்லை.

சம்பந்தியம்மா வழி கண்டுபிடித்தார். கம்மாபுரம் பக்கம் அவர் தம்பிக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய குட்டியானை வண்டி சரக்கோடு சிதம்பரம் வருகிறது. போகும்போது நாயை ஏற்றி அனுப்பிவிடலாம்.

"தோப்புல கட்டிப்போட்டா காவலுக்கு ஆவும்."

அந்தத் தோப்பில் முன்பு ஒரு நாய் இருந்தது. சங்கிலியோடே செத்தது. "வெயிலு ஜாஸ்தி, பாவம்" என்று இதே அம்மாதான் ஒரு கல்யாணத்தில் பாயசம் குடித்துக்கொண்டே சொன்னார். மகனைப் பார்த்தேன். "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு அவன் போனை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் நாய்க்குச் சங்கிலியை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அவன் ஆபீசுக்குக் கிளம்பும்வரை நின்றேன்.

"என்னாம்மா?"

"மாட்டாஸ்பத்திரி."

"ஞாயித்துக்கெழம போவப்போற நாய்க்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி?"

நான் நகரவில்லை. திட்டிக்கொண்டே ஆட்டோ கூப்பிட்டான்.

மாட்டாஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் வரிசை. ஒரு சினைப்பசு, ரெண்டு ஆடு, பிறகு நாங்கள். பசு நின்ற இடத்திலேயே சோவென்று பெய்தது. எனக்குக் காலில் தெறித்தது. நான் புடவையைத் தூக்கிக்கொள்வதற்குள் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு அந்த ஈரத்துக்குப் போய் முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு திரும்பி நின்று, சரியாக அதன் மேலேயே காலைத் தூக்கியது. கூடத்து மூலையில் நின்ற அதே நிற்பு.

டாக்டர் சின்னப் பெண். நாயை அமுக்கிப் பார்த்தாள், மூத்திரத்தைச் சோதித்தாள்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வேற மிருகத்தோட வாசனை இருந்தா அது மேல தன் வாசனைய வெக்கும். வீட்டுல வேற நாய், பூனை எதுனா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான் மகன்.

"முன்னாடி இருந்தவங்க வளத்திருக்கலாம். பினாயில் ஊத்தினா பத்தாது. சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சிக் கழுவுங்க. அப்பறம் வினிகர் கலந்த தண்ணியால தொடைங்க."

என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்நியப் பெண்ணிடம், எங்கள் வீட்டில் தினமும் பசு மூத்திரம் தெளிக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? ஆட்டோவில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். மூலை, சோபா, அலமாரி, நிலை. சொம்பு போன இடமெல்லாம் நாயும் போயிருக்கிறது. நாய் படுத்துக் கிடக்கிற என் அறை மட்டும் காய்ந்து கிடக்கிறது. அங்கே கோமியம் வீண் என்று அந்த அம்மா மிச்சம் பிடித்தாரே!

வீட்டுக்கு வந்தபோது சம்பந்தியம்மா கையில் சொம்பு. காலையில் நாய் நனைத்த நிலைப்படியில் மாவிலையை உதறப் போனார்.

"தெளிக்காதீங்க" என்றேன்.

மருமகள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா சொன்னீங்க?"

"நீங்க தெளிக்கறதாலதான் அது மோளுது. மாட்டு வாடைக்கு மேல மோளுது. ஆஸ்பத்திரில கண்ணால பாத்தேன்."

"கேட்டியாடி ஒங்க மாமியார் பேசறத? கோமியமும் நாய் மூத்திரமும் ஒண்ணாம்!"

"ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணு இல்ல சம்பந்தி. அதுக்கு ரெண்டும் மூத்திரந்தான்."

மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "டாக்டரும் வேற மிருகத்து வாசனைன்னுதான் அத்தை சொன்னாங்க" என்று முனகினான். அவனிடமிருந்து கிடைத்தது அவ்வளவுதான்.

"மாட்டக் குத்தம் சொன்ன வாய் வெளங்குமா? கோயில் ஊர்ல வந்து பேசற பேச்சா இது?"

சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தேன். வாளியில் சோப்புத்தூள் கலக்கி, கூடத்தை மூலைமூலையாக உட்கார்ந்து தேய்த்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. நூடுல்ஸுக்கு ஊற்றுவதற்கு மருமகள் வைத்திருந்த வினிகர் முழுவதையும் தரையில் காலி பண்ணினேன்.

அன்றைக்கு நாய் மூலைக்குப் போய் முகர்ந்தது. நான் துணியோடு பின்னாலேயே போனேன். தும்மிவிட்டுத் திரும்பி வந்தது. மறுநாளும் காய்ந்த தரை. அதற்கு மறுநாளும். படியிறங்கிப் புங்கமரத்தடியோடு முடித்துக்கொண்டது.

சம்பந்தியம்மா விடவில்லை. "வண்டி வருது, ஏத்தறது ஏத்தறதுதான். இன்னிக்கி அடக்கிக்கினு இருக்கும், நாளைக்கி வெக்கும்."

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வந்து கீழே ஹாரன் அடித்தது. மகன் சங்கிலியைத் தேடினான். அது என் மடியில் இருந்தது.

"அம்மா, குடு."

"குடுக்க மாட்டேன். எங்க மோண்டுது காட்டு, குடுக்கறேன்."

தரையைப் பார்த்தான். காட்ட ஒன்றும் இல்லை. கையை நீட்டினபடியே நின்றவன், பிறகு கையை இறக்கிக்கொண்டான்.

சம்பந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஒண்ணு முடிவா சொல்லுங்க மாப்ள. நாய் இருக்கற வூட்ல நான் இருக்க மாட்டேன். எனக்கு அவமானம்."

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். எப்போதும் போல நான் எழுந்து அறைக்குள் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

"வண்டி வெறுமனே போவ வேணாம் சம்பந்தி" என்றேன். "விருத்தாசலத்துக்கு அதே ரோடுதான். நீங்க ஏறிக்கங்க."

அவர் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு போனார். மாடியிலிருந்து பார்த்தேன். அவர் மேலே பார்க்கவில்லை.

மருமகள் அதிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. "சாப்புட சொல்லுங்க" என்று மகனிடம் சொல்லுவாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடு என்று மகன் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். நான் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். கேட்க மாட்டேன்.