ஆதிமூலம் கொடுத்த ரத்தம்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் ரத்த வங்கியில் எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கொடுக்க வந்துவிட்டு ஊசியைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்புகிற ஆம்பிளைகளிடம், அந்த மீசை எதற்கு என்று கேட்டே விடுவேன். ஆதிமூலத்திடம் மட்டும் என் வாய் அடங்கிப்போகும். செங்கம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத குரூப். போன் போட்டால் போதும், டியூபைத் தண்ணீரில் அப்படியே விட்டுவிட்டு சைக்கிளில் வந்து நிற்பார். ஜூஸ் வேண்டாம், டீ போதும் என்பார்.

1994-ல் அவர் முதல்முறை வந்தபோது படிவத்தை நிரப்பியவள் நான்தான். மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று கேட்டேன். சின்ன வயதில் வந்ததாகவும், அடி அண்ணாமலையில் ஒருவர் மூன்று நாள் பச்சிலை அரைத்துக் கொடுத்து இறக்கிவிட்டதாகவும் சொன்னார். நானும் இந்த ஊர்க்காரிதானே. எங்கள் வீட்டிலும் கீழாநெல்லி குடித்து, பத்தியம் இருந்து, கண் வெளுத்துவிட்டால் காமாலை போயே போய்விட்டது என்றுதான் அர்த்தம். போன நோயை எதற்கு எழுதுவது என்று ‘இல்லை’யில் டிக் அடித்தேன். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் அவர் ரத்தத்தில், காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் செய்தோம். ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை என்றே வந்தது. அந்த டெஸ்ட் கிருமியின் மேலுறையைத்தான் தேடும். கிருமி ஈரலுக்குள் பதுங்கிக்கொண்டு, ரத்தத்தில் கொஞ்சமே கொஞ்சம் திரிந்தால் அதற்குத் தெரியாது. இந்தச் சங்கதி எனக்கு ரொம்ப காலம் தெரியாது.

2002-ல் வேங்கிக்காலைச் சேர்ந்த சரோஜா டீச்சருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. ஆதிமூலத்தின் ரத்தம்தான் ஏறியது. நாலு மாதத்தில் டீச்சருக்குக் கண் மஞ்சளானது. அவர் வீட்டுக்காரர் வந்து, ஏறியது யாருடைய ரத்தம் என்று சத்தமே போடாமல் கேட்டார். அதையெல்லாம் சொல்ல மாட்டோம் என்று சிடுசிடுத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் டீச்சர் செத்துப்போனார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அந்தப் பச்சிலைக் கதை ஞாபகம் வந்தது. கடைக்கே போய், சும்மா ஒரு டெஸ்ட் என்று ஆதிமூலத்திடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். எதற்கென்று கேட்காமல் கையை நீட்டினார். யாருக்கும் சொல்லாமல் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருந்தால், அதன் தடத்தைக் கண்டுபிடிக்கும் வேறொரு டெஸ்ட் அங்கே உண்டு. கார்த்திகை தீபத்துக்கு ஒன்பது நாள் முன்னால் ரிசல்ட் வந்தது. தடம் இருந்தது.

அந்தக் கவரை ஒன்பது நாளும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். டாக்டரிடம் கொடுத்தால் பழைய படிவத்தை எடுப்பார்கள், என் வேலை போகும். பயம்தான், வேறென்ன? ஆதிமூலத்தின் மகள் எழிலரசி நிறைமாதம். அவளும் ஓ நெகட்டிவ். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தேதி தீபம் முடிந்துதான் என்பதால், தீபம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பாவி நான்.

தீபத்தன்று ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, ஜனத்துக்குள் இடிபட்டு நடந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. ரத்த வங்கியில் என்னோடு வேலை செய்கிற ராமதாஸ் டியூட்டியில் இருந்தார். காலையிலேயே எழிலரசிக்குப் பிரசவம் ஆகிவிட்டதாம். குழந்தை நன்றாக இருக்கிறதாம். ரத்தப்போக்குத்தான் நிற்கவில்லையாம். எங்களிடம் அந்த குரூப் இல்லை. வேலூரிலிருந்து ரத்தம் கொண்டுவந்த வண்டியும் ஊருக்குள்ளே வர முடியவில்லை.

“அவங்கப்பாவே வந்து குடுத்துட்டாரு. டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. ஏத்திக்கினு இருக்காங்க” என்றார்.

மாடிக்கு ஓடினேன். ரத்தப் பையில் பாதி இறங்கியிருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சோடு ஆதிமூலம் கட்டிலருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“பேரன் பொறந்துருக்கான்மா.”

அவரை வராந்தாவுக்கு அழைத்துவந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர், டிக் அடித்தது, ஒன்பது நாள் கவர், ஒன்றையும் மறைக்கவில்லை. அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப நிறுத்தினா தப்பிச்சுப்பாளா?”

“இல்லீங்கண்ணா. கிருமி தொத்திக்க உள்ள போன வரைக்குமே போதும். தடுப்பு ஊசி இருக்குது, மெட்ராஸ்லருந்து வரணும். வந்தாலும் நிச்சயம் கெடையாது. இப்ப நிறுத்தினா, ரத்தம் இல்லாம இன்னைக்கே...”

அவர் கதவு வழியாக எழிலரசியைப் பார்த்தார்.

“அப்ப ஓடட்டும்” என்றார்.

உள்ளே போய்க் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். எழிலரசி கண்ணைத் திறந்து, “நீ இன்னாப்பா சாப்ட்ட?” என்று கேட்டாள். பை காலியாகும்வரை, குழாயில் விழுகிற ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.