ஜிம்மிக்கு ஒரு துணை

நாடு ஒன்றா இரண்டா என்று பெரிய மனிதர்கள் மேசை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், குண்டசாலையில் எங்கள் வாடகை வீட்டில் நாய் ஒன்றா இரண்டா என்பதுதான் பேச்சாக இருந்தது. அவர்களுடைய பேச்சைப் போலவே எங்களுடையதும் லேசில் முடிவதாயில்லை.

முதலாவது நாய் ஜிம்மி. அப்பாவோடு அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த ஒருவர் கலகெதரையில் இருந்து உமல் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த குட்டி. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து தெரியாத ஊரில் இருக்கிறோம், வீட்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்று அப்பா ஆசையோடு வாங்கினார். ஆனால் காவலுக்கும் ஜிம்மிக்கும் காத தூரம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடிவிடுவான். பின்வளவில் ஒரு பலாப்பழம் தொப்பென்று விழுந்ததற்கு அன்று பின்னேரம் வரை வெளியே வரவில்லை. அப்படிப்பட்ட வீரனை நான் உயிராக நேசித்தேன்.

அவனுக்கு இருந்த ஒரே குறை, தனியே இருக்க முடியாது என்பதுதான். அப்பா காலையில் கந்தோருக்குப் போய்விடுவார். அம்மா கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அண்ணாவும் நானும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தோம். நாங்கள் கேற்றைச் சாத்தியதும் ஜிம்மி தலையை அண்ணாந்து ஊளையைத் தொடங்குவான். ஒழுங்கை கடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருக்கும். ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லோரும் சிங்களவர்கள், நல்ல மனிதர்கள், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மாவைக் கண்டால் மட்டும், நாய்க்கு ஏதும் வருத்தமா என்று கவலையோடு விசாரிப்பார்கள்.

அம்மாவுக்கு அந்த விசாரிப்பைவிட ஊளைதான் பெரிய விஷயம். நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் முழுமனதாக நம்பினார். "இது எதையோ கூப்பிடுது. நான் சொல்லிப்போட்டன்" என்று அப்பாவிடம் சொல்லுவார். வத்தேகமையில் தோட்டம் ஒன்றில் இருந்த சிநேகிதியின் வீட்டார் ஒரு நாயை வளர்க்கத் தயாராக இருந்தார்கள். ஆவணி லீவுக்குள் ஜிம்மி வாயை மூடாவிட்டால் வத்தேகமைக்குத்தான் என்று அம்மா நாள் குறித்துவிட்டார்.

அப்பாதான் துணை என்ற யோசனையைக் கொண்டுவந்தார். நாய் கூட்டமாக வாழ்ந்த சாதி, அதற்கு இன்னொரு நாய் பக்கத்தில் இருந்தால் மனம் ஆறும் என்று ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருந்தார். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்டைக் கட்டி மாரடிக்கிறது காணாதெண்டு இன்னொண்டோ?" என்றார். அண்ணா அம்மாவின் பக்கம். இரண்டு நாய் இருந்தால் ஒன்று சுருதி பிடிக்க மற்றது பாடும் என்றான். அவனுடைய கிரிக்கெட் பந்தை ஜிம்மி கடித்துத் துப்பியதில் இருந்து அவனிடம் நியாயம் எதிர்பார்க்க முடியவில்லை. அப்பா எல்லோர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "பாப்பம்" என்றார். அரசாங்க உத்தியோகத்தர் "பாப்பம்" என்றால் அந்தக் கோப்பு அடியில் போய்விட்டது என்றுதான் அர்த்தம். யன்னல் சீலைக்கு என்ன நிறம் என்ற கேள்வியையே அவர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தவர்.

பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே துணை தேடத் தொடங்கினேன். தேடுவதற்கு என்ன, என் மனதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மேல்வீட்டு டிரைவர் மாமாவின் களுவா.

எங்கள் வீடு சரிவில் இருந்தது. அதற்கு மேலே, ஒரு கல்மதில் உயரத்தில், டிரைவர் மாமாவின் வீடு. அவர்களுடைய குசினி யன்னலில் நின்றால் எங்கள் வாசற்படி நேரே தெரியும். அவர் கண்டிக்கும் குண்டசாலைக்கும் இடையில் பஸ் ஓட்டினார். அதற்கு முன் வத்தேகமைப் பக்கம் தோட்டத்து லொறி ஓட்டியவர் என்பதால் தோட்டத்துத் தமிழ் பேசுவார். என்னைத் "துவ" என்று கூப்பிடுவார், சிங்களத்தில் மகளே என்று அர்த்தம்.

களுவா என்றால் கறுப்பன். பெரிய நாய், நெஞ்சில் மட்டும் ஒரு கை வெள்ளை. காலையில் முதல் பஸ்ஸில் டிரைவர் மாமாவோடு ஏறி, அவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் படுத்துக்கொண்டு கண்டிக்குப் போவான், வருவான். சந்தைக்குப் போகிற பெண்கள் கூடைகளை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். மிதிபலகையில் தொங்குகிற இளந்தாரிகள் "களுவா, டிக்கட் எங்கே?" என்று கேட்டுத் தலையில் தட்டுவார்கள். அந்தப் பாதையில் மந்திரிமாரைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம், களுவாவைத் தெரியாதவர்கள் இல்லை.

நான் டிரைவர் மாமாவிடம் நேரேயே கேட்டுவிட்டேன். ஜிம்மி தனியே இருந்து அழுகிறான், வத்தேகமைக்கு அனுப்பப்போகிறார்கள், களுவாவைத் தாருங்கள். அவர் சிரித்தார். "பஸ்ஸ வேணும்னா எடுங்க துவ. களுவாவ குடுக்க ஏலாது. அவன் இல்லாம எனக்கு வண்டி ஓட்ட வராதே" என்றார். நான் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவருடைய பஸ் வாய்த்தால், இறங்கும் ஒவ்வொரு முறையும் "களுவா?" என்பேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று அம்மாதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்.

அம்மி நகர்ந்தது ஆடி மாதத்தில். நகரத்தில் பெரஹரா ஊர்வலத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், அந்த வருஷமாவது யானைகளைக் கிட்ட நின்று பார்க்கலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் அப்பா கந்தோரில் இருந்து பகலிலேயே, நடந்தே, வந்து சேர்ந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கொழும்பில் குழப்பம், இங்கேயும் தொடங்கிவிட்டது என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். குழப்பம் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம் இல்லை, ரேடியோவைச் சத்தமாக வைக்கக்கூடாது, முற்றத்தில் தமிழில் கத்தி விளையாடக்கூடாது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் குழப்பம். முன்னும் வந்து போயிருக்கிறது. கண்டிப் பக்கமாக வானத்தில் கறுப்புப் புகை எழும்பியதை அண்ணா காட்டினான். எனக்கு ஜிம்மியின் நாள் நெருங்குகிறது என்பதுதான் கவலை.

அப்போதுதான் டிரைவர் மாமா எங்கள் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சங்கிலி. சங்கிலியின் முனையில் களுவா. அவன் பிறந்ததில் இருந்து சங்கிலியைக் கண்டதில்லை, ஆனபடியால் பின்னங்கால்களை ஊன்றி இழுத்துக்கொண்டு வந்தான். "மஹத்தயா, களுவா இங்க இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார் டிரைவர் மாமா.

நான் துள்ளினேன். நான் கேட்டுக் கேட்டே கரைத்துவிட்டேன் என்று அண்ணாவைப் பெருமையாகப் பார்த்தேன். ஆனால் அம்மா மறுத்தால் எல்லாம் போச்சு. பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன். அம்மா திரும்பினார். உள்ளே போய், நாங்கள் சாப்பிடுகிற எனாமல் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து களுவாவுக்கு முன்னால் வைத்தார். அப்பா "பாப்பம்" என்று சொல்லவில்லை. டிரைவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு "சரி" என்றார். மாதக்கணக்காக இழுபட்ட விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. இதை முதலே செய்திருக்கலாமே என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நடந்தவைதான் எனக்குப் பிடிபடவில்லை. ஜிம்மிக்குத் துணை என்று கொண்டுவந்த நாயைப் பின்பக்கம் ஜிம்மியோடு விடாமல், முன்வாசல் தூணில் கட்டினார்கள். அப்பா கதவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றித் துவாயில் சுற்றினார். டிரைவர் மாமா தன்னுடைய காக்கிச் சேட்டுகள் இரண்டையும், மனைவி இடுப்பில் உடுக்கிற சீத்தைத் துணி ஒன்றையும் கொண்டுவந்து எங்கள் கொடியில் காயப்போட்டார். அவர்கள் வீட்டில் எங்கள் கொடியைவிட நீளமான கொடி இருந்தது. பிறகு எங்கள் எல்லோரையும், ஜிம்மியையும் சேர்த்து, பின்வளவால் தன்னுடைய குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆக ஜிம்மி மேலே, களுவா கீழே. இது துணையல்ல, மாற்று. இப்போது களுவாவல்லவா தனியே இருக்கிறான் என்று அப்பாவிடம் முறையிட்டேன். அப்பா என் வாயைத் தன் கையால் மெல்லப் பொத்தினார்.

டிரைவர் மாமாவின் மனைவி எங்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்துவிட்டு, வெளிக்கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்கினார். ஜிம்மி வாயைத் திறந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். அப்போது அம்மா செய்த காரியத்தை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். எங்கள் குசினி வாசலை அவன் மிதித்தாலே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற அம்மா, தரையில் உட்கார்ந்து அவனை மடியில் தூக்கி வைத்து, சேலைத் தலைப்பால் போர்த்தி, குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினார். அவன் அம்மாவின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தான். பாவம், அவன் கேட்டதெல்லாம் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும் என்பதுதானே.

பின்னேரம் ஒழுங்கையில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. நான் யன்னல் பலகையின் நீக்கலால் பார்த்தேன். எங்கள் ஒழுங்கைக்காரர் அல்ல, பஸ் ரோட்டால் ஏறி வந்த இளந்தாரிகள். கையில் பொல்லுகளும் தடிகளும் வைத்திருந்தார்கள். இரண்டு பேரின் கக்கத்தில் பிஸ்கட் பக்கற்றுகள் இருந்தன. ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் கேற்றில் நின்றார்கள். ஒருவன் கொளுக்கியைத் தூக்கினான்.

களுவா எழுந்தான். சங்கிலி இழுபடுகிற மட்டும் முன்னே வந்து, உடம்பு முழுவதும் ஆட வாலை ஆட்டினான். நாளெல்லாம் தனியே கட்டிக்கிடந்தவனுக்குத் தெரிந்த முகங்களைக் கண்ட சந்தோஷம். முன்னுக்கு வந்தவன் பொல்லை மதிலில் சாத்திவிட்டுக் குந்தினான். "மே அபே களுவா நே" என்றான். இது நம்முடைய களுவா அல்லவா. மிதிபலகையில் தொங்குகிறவர்களில் அவனும் ஒருவன் என்று அப்போதுதான் அடையாளம் கண்டேன். அவன் ஒரு பக்கற்றைக் கிழித்துக் களுவாவுக்குப் பிஸ்கட் கொடுத்தான். ஊரில் கடை எல்லாம் பூட்டியிருக்க இவர்களுக்கு மட்டும் எங்கே பிஸ்கட் கிடைத்தது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்குள் டிரைவர் மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, நிதானமாகக் கீழே இறங்கிப் போனார். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன பிள்ளைகளே என்று கேட்டார். அவர்கள் ஏதோ கேட்டார்கள். "மேக மகே கெதர" என்றார் டிரைவர் மாமா. இது என் வீடு.

பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எனக்கு அந்த அளவுக்குப் போதும். "அம்மா, டிரைவர் மாமா பொய் சொல்லுறார்" என்று கிசுகிசுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜிம்மியைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இளந்தாரிகள் கொடியில் தொங்கிய காக்கிச் சேட்டைப் பார்த்தார்கள், களுவாவைப் பார்த்தார்கள், பஸ் எப்போது ஓடும் என்று கேட்டார்கள். பிறகு பொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். களுவா அவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊரடங்கு எடுபட்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, டிரைவர் மாமா களுவாவைக் கேட்டு வரப்போகிறார் என்று நான் பயந்தபடி இருந்தேன். அவர் வந்தார், களுவாவின் காதைச் சொறிந்தார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள், வடக்கில் இருந்து ஒவ்வொரு கெட்ட செய்தி வரும்போதும் இன்னும் கொஞ்சம் நீண்டு, நாங்கள் கண்டியை விட்டுப் போகும்வரை நீண்டது. ஜிம்மியின் ஊளை நின்றது. வத்தேகமைப் பேச்சை அம்மா பிறகு எடுக்கவேயில்லை. வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் களுவாவுக்கென்று நெத்தலி வாங்கி, எங்களுக்குப் போடுமுன் அவனுக்குச் சோறு குழைத்து வைத்தார். என் அம்மாவுக்கு நாய்ப் பாசம் இப்படித் திடீரென்று பொத்துக்கொண்டு வந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பஸ்ஸில் எஞ்சின் மூடி வெறுமையாகிவிட்டது. களுவா இல்லாமல் வண்டி ஓட்ட வராது என்று சொன்னவர் தனியேதான் ஓட்டினார். அவர் எங்களுக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஏறுகிறவர்கள் எல்லோரும் களுவா எங்கே என்று கேட்பார்கள். பஸ் முழுக்கக் கேட்கும்படியாக அவர் ஒரே பதிலைத்தான் சொல்லுவார். களுவா என்னுடைய மற்ற வீட்டில் இருக்கிறான்.

எனக்குக் கோபம் கோபமாக வரும். வாடகை கட்டுகிறது அப்பா, பெருமை அடிக்கிறது இவர். ஒருநாள் பொறுக்கமுடியாமல் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கோள் சொன்னேன்.

"அம்மா, டிரைவர் மாமா இப்பவும் எங்கட வீட்டைத் தன்ர வீடெண்டுதான் சொல்லித் திரியிறார்."

அம்மா களுவாவின் சோற்றில் நெத்தலியைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "சொல்லட்டும்" என்றார். "எல்லாருக்கும் கேக்கச் சொல்லட்டும்."

இப்படி விட்டுக்கொடுத்தால் ஒருநாள் வீடே கையைவிட்டுப் போய்விடும் என்று நான் அண்ணாவிடம் சொன்னேன்.