பாட்டுக்கு விழுந்த முப்பத்தொரு கோடு

எங்கள் நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு, நாலு கோடு நட்டமாக, ஐந்தாவது குறுக்கே. இருபது வருஷம் இப்படியே எண்ணி எண்ணி, உலகத்தில் கோடு போட முடியாத சமாசாரம் எதுவும் இல்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. கல்யாண வீட்டில் உட்கார்ந்தால்கூட எத்தனை பந்தி போயிற்று என்று விரல் தானாகத் தொடையில் கோடு போடும்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் மாதா கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். தெருக்காரர்களே நடிப்பார்கள். கமிட்டிக்கு நைனாதான் செக்ரட்டரி. நாடகம் முடிந்த மறுநாளிலிருந்து டீக்கடையில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மைக் சரியில்லை, ராஜா குடித்திருந்தான், சண்டை போதவில்லை. அதைக் கேட்டுக் கமிட்டிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மாதம் பேசாமல் இருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். நைனா அதை மூட நினைக்கவில்லை, எண்ண நினைத்தார்.

"டீக்கடையில பேசுனா அது காத்து. ஏட்டுல ஏறுனாத்தான் சரக்கு" என்றார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அதே வருஷம்தான் அத்தை பாடினாள்.

அத்தை நைனாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே மாமா காய்ச்சலில் போய்விட, ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். மாவு அரைக்கும்போது மட்டும் மெல்லப் பாடுவாள், யாராவது வந்தால் நிறுத்திக்கொள்வாள். அந்த வருஷத்து நாடகம், ரங்கூனுக்குக் கப்பலேறிப்போய்த் திரும்பி வராத ஒரு மகனைப் பற்றியது. பர்மாவிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். மகன் படுத்திருந்த வெறும் பாயைப் பார்த்துத் தாய் தாலாட்டுப் பாடவேண்டும். தாயாக நடித்தவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வின்ச் இயந்திரத்தை ஓட்டும் எதிர்வீட்டு வின்ச் டிரைவர் மாமா. அவர் மீசையை எடுத்ததில் அவர் பெண்சாதி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புடவை அவருக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாயைத் திறந்தால் வின்ச் சத்தம்தான் வரும். திரைக்குப் பின்னால் நின்று அத்தை பாடட்டும் என்று அவரே நைனாவிடம் கெஞ்சிக் கேட்டார்.

நைனா இரண்டு நாள் யோசித்து, இரண்டு நிபந்தனை போட்டார். பாடுவது யார் என்று வெளியே தெரியக்கூடாது. இரண்டாவதை அத்தையைக் கூப்பிட்டு நேரிலேயே சொன்னார்.

"ஊரு ஒத்துக்கினா வர்ற வருசமும் பாடு. ஒத்துக்கலன்னா இத்தோட வுட்டுடணும். இன்னா?"

"சரிண்ணே" என்றாள் அத்தை. அவள் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

பாடினாள். நான் திரைக்குப் பின்னால் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, திரைத்துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடினாள். வின்ச் டிரைவர் மாமாவின் உதடு ஒரு வரி பின்தங்கியே அசைந்தது எனக்குச் சிரிப்பாக வந்தது. முன்னால் இருந்த கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. கைதட்டக்கூட இல்லை.

மறுநாள் காலை நைனா ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். மேடை, வெளிச்சம், மைக், சண்டை, கோமாளி, பாட்டு என்று இடது பக்கம் வரிசையாக இருந்தது. மேலே இரண்டு பத்தி: நல்லது, குறை. நாற்பது வீடு. பாதி வீட்டில் எழுதத் தெரியாது என்பதால் நான்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வரவேண்டும்.

"யாரு இன்னா சொன்னாங்கன்னு கதை எழுதிகினு குந்தாத. பொழுது பூடும். சிரிச்சிகினு சொன்னா நல்லது. மூஞ்சி கோணிச்சின்னா கொறை. கோட்டைப் போட்டுட்டு அடுத்த வூட்டுக்குப் போ" என்றார் நைனா.

பென்சிலைச் சீவிக் கொடுத்தது அத்தை. அன்றைக்கு அவள் பவுடர் பூசியிருந்தாள். வந்த நாளிலிருந்து நான் பார்த்திராத ஒன்று அது. "எல்லா வூட்டுக்கும் போவணும், ஒண்ணைக்கூட வுடாத" என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் எல்லாரும் என்னை உட்காரவைத்துப் பதில் சொன்னார்கள். மீன் விற்கிற ஆயா கோமாளியைப் பற்றிக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அந்தக் கட்டையில போறவன் பண்ண கூத்துல என் வவுறே புண்ணாப் பூட்ச்சி." போட்டேன் கோடு, நல்லது பக்கம். தெருமுனைத் தையல்கடை பாய், "சண்டை ஷோக்கா இருந்திச்சிம்மா, ஆனா அந்தக் கத்தி அட்டைன்னு தூரத்துலயே தெரிஞ்சிப்போச்சி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் அதுவும் நல்லதுதான். கோமாளிக்கு என்ன சொன்னார்கள், சண்டைக்கு என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் வீடு வாரியாக என்னால் சொல்ல முடியும்.

பாட்டு என்றதும் ஆயாவின் முகம் கோணியது. உதடு துடித்தது, முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். பாய் கண்ணாடியைக் கழற்றி, தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே துடைத்தார். அவருடைய தம்பி ரங்கூனில் இருந்தான், கடிதம் நின்று பல மாதமாகியிருந்தது. வீட்டுக்கு வீடு இதே கதைதான். பாட்டு என்று கேட்டால் போதும், நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட முகம் மாறிப்போனார்கள். எனக்குப் பயமாகவும் இருந்தது, அத்தையை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அவர்கள் வாய் திறந்து ஏதோ சொல்லத் தொடங்கும்போதே நான் குனிந்து கோட்டைப் போட்டுவிடுவேன். நைனா சொன்ன விதி அது. அடுத்த வீடு காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. நைனா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். கோமாளிக்கு நல்லது முப்பத்தெட்டு. சண்டைக்கு முப்பத்துமூன்று. பாட்டுக்குக் குறை முப்பத்தொன்று.

"சரியா போட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுகூட தப்பில்ல நைனா" என்றேன். அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

வின்ச் டிரைவர் மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் மேடையில அந்த வெறும் பாய் முன்னால குந்திகினு இருந்தப்போ எனக்கே தொண்டை அடைச்சிதுப்பா" என்றார்.

"உனக்கு அடைச்சிது. ஊருக்குப் புடிக்கலையே" என்றார் நைனா. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் வருத்தப்பட்டாரா, ஒரு தொல்லை விட்டது என்று நிம்மதியானாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தை சமையல்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். காபித் தம்ளர் எடுக்கப் போன என் கையைப் பிடித்தாள்.

"பாட்டைப் பத்தி இன்னாம்மா சொன்னாங்க?"

உன் பாட்டைக் கேட்டு அழுதார்கள் என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே நொந்திருப்பவளை இன்னும் நோகடிப்பானேன் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த இரக்கம் அவ்வளவுதான்.

"ஒண்ணும் சொல்லலத்த. கோடு மட்டுந்தான் போட்டேன்."

அவள் கையை விட்டுவிட்டாள். பாடியது யார் என்று வின்ச் டிரைவர் மாமாவைத் தவிர தெருவில் யாருக்கும் தெரியாது, அதனால் நேரில் வந்து சொல்லவும் ஒருவருமில்லை. அடுத்த வருஷ நாடகத்தில் இரண்டு கோமாளிகள் இருந்தார்கள், பாட்டே இல்லை. மாவு அரைக்கும்போதுகூட அத்தை பாடுவதை விட்டுவிட்டாள். வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நான் கவனித்தேன். பிறகு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்து, காலடிப்பேட்டையில் ஒரு அறை பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இருபது வயதானபோது சிநேகிதிகளோடு ஒரு சினிமாவுக்குப் போய்விட்டு முகம் வீங்க வீட்டுக்கு வந்தேன். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். "அழுதுட்டேம்மா, அவ்ளோ நல்லா இருந்திச்சி" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது. ஆயாவின் கோணிய முகமும் பாய் கழற்றித் துடைத்த கண்ணாடியும் அப்போதுதான் எனக்கு விளங்கின. நைனாவிடம் போய்ச் சொல்ல நைனா அப்போது உயிரோடில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிக் காலடிப்பேட்டைக்குப் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள்.

"முப்பத்தோரு பேரா?"

"ஆமாத்த. எல்லாரும் அழுதாங்க. நாந்தான் கொறைன்னு போட்டுட்டேன்."

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரி, இன்னா சொன்னாங்க? எல்லாரும் வேணாம். யாராச்சும் ஒருத்தர் சொன்னதைச் சொல்லு."

ஆயா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டதைச் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைச் சொன்னேன்.

"அது நீ பாத்தது. அவுரு இன்னா சொன்னாரு?"

எவ்வளவோ யோசித்தேன். ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. ஏதாவது ஒன்றை நானாகக் கட்டிச் சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள். அதற்கும் எனக்கு வாய் வரவில்லை. அத்தை கீரைத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போனாப் போவுது வுடு. சோறு துன்னுட்டுப் போ" என்றாள்.

அந்த முப்பத்தொரு பேரும் அவளுக்கென்று ஆளுக்கொரு சொல்லை என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.