மதுரையில் மாணிக்கம் அண்ணன் சாலை தாண்டியது

மதுரையில் என் குழுவில் ஓர் ஆள் குறைந்தார். திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. மாணிக்கம் அண்ணனின் இருக்கையில் அவர் மருமகளுக்கு வாங்கிய சுங்குடிச் சேலை மட்டும் உட்கார்ந்திருந்தது.

மலேசியாவில், சிரம்பானில் ஒரு சின்ன டிராவல்ஸில் டூர் லீடராக இருந்து போன ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து ஊர் ஊராகக் கொண்டு போவதுதான் என் பிழைப்பாக இருந்தது. நகரங்களின் வரலாறு எனக்குத் தெரியாது. அங்கே போனால் என் பயணிகளுக்கு என்ன ஆகும் என்பது தெரியும். சிங்கப்பூரில் குப்பை போடப் பயந்து ஆரஞ்சுத் தோலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குள் நுழைந்ததும் நிம்மதியாக வீசுவார்கள். பேங்காக்கில் ஆண்களுக்கெல்லாம் திடீரென்று முதுகு வலி வந்து மசாஜ் கடையை விசாரிப்பார்கள். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இதுக்கெல்லாம் யாரு சன்னல் துடைக்கிறது?" என்பார்கள். மதுரையில் கோபுரத்தைக் கண்டதும் அழுவார்கள். கண்ணைத் துடைத்த கையோடு கழிப்பறை எங்கே என்பார்கள்.

மாணிக்கம் அண்ணன் கோலா பிலா பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். மலைச்சரிவு, சேறு, பேய்மழை எதற்கும் அஞ்சாதவர் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரே. மனைவி இறந்த பிறகு ஊர் சுற்றுவது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். மகன் குமாருக்கு அது பிடிக்கவில்லை. கிளம்பும்போதே என்னிடம் சொல்லிவிட்டான்: "அக்கா, அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா பாஸ்போர்ட்டை வாங்கி பூட்டி வச்சிருவேன். அப்பறம் எங்கயும் போக முடியாது லா."

நான் டீக்கடைகளில் தேடினேன். டிரைவர் கோயில் வாசலில் தேடினார். பெண்கள் மீனாட்சியிடம் முறையிட்டார்கள். அப்போது சன்னலோரம் இருந்த லெட்சுமி அக்கா கத்தினார்: "அலாமா! அதோ நிக்கிறாரு பாரு!"

நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சாமி ஊர்வலத்தைப் பார்க்க அதோடு சேர்ந்து அந்தப் பக்கம் போயிருக்கிறார். சாமி போய்விட்டது. சாலையைப் பேருந்தும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் அடைத்துக்கொண்டன.

"அண்ணே, வாங்க லா! பிளைட் போயிரும்!" என்று நான் கத்தினேன்.

அண்ணன் ஒரு காலைச் சாலையில் வைத்தார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் சும்மா வேடிக்க பாக்குறேன் லா!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

நானே போய்க் கூட்டி வரலாம் என்று இறங்கினேன். இரண்டடி வைப்பதற்குள் ஒரு மோட்டார்க்காரன், "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் திரும்பிவிட்டேன். வெளிநாடெல்லாம் ஆள் கூட்டிப் போகிற டூர் லீடர், ஒரு சாலையைத் தாண்ட முடியாமல் நின்றேன்.

அண்ணனுக்குப் பக்கத்தில் பூ விற்ற பெண் ஒருத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். அண்ணனின் கையைப் பிடித்தாள். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. மற்றக் கையைச் சற்றே தூக்கிக்கொண்டு நடந்தாள். வண்டிகள் திட்டிக்கொண்டே வளைந்து போயின. அண்ணன் கண்களை இறுக்க மூடியிருந்தார்.

"இந்தாங்கம்மா, உங்க ஆளு. இம்புட்டு நேரமா ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு, பாவம்" என்று ஒப்படைத்துவிட்டு, வந்த மாதிரியே திரும்பிப் போனாள். பேருந்தே சிரித்தது.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திருச்சிச் சாலையில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சுங்குடிச் சேலையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"குமாருகிட்ட சொல்லிறாதம்மா. அந்த வீட்டுல நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

நான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன்.

விமானத்தைப் பிடித்துவிட்டோம். கோலாலம்பூரில் வருகை வாசலில் குமார் காத்திருந்தான். அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "பிரச்சன ஒன்னும் இல்லையே அக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "மதுரையில ஒரு பூக்காரம்மா ரோடு தாண்ட முடியாம பயந்துகிட்டு நின்னாங்க டா. நான்தான் கையப் புடிச்சி கொண்டாந்து விட்டேன்."

மொத்தக் குழுவும் என்னைப் பார்த்தது. லெட்சுமி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி, நானே பாத்தேன்" என்றேன்.

குமார் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. "பத்திரம்ப்பா, மத்தவங்களுக்கு உதவுறேன்னு நீங்க விழுந்துறாதீங்க" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆளையும் பெட்டியையும் சரிபார்க்க ஆபீசிலேயே சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர மாட்டார்கள்: மனிதர்கள் ஊர் பார்க்க மட்டும் போவதில்லை, திரும்பி வந்து சொல்லிக்கொள்ளவும்தான் போகிறார்கள். அவர்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசித் திருத்தாதீர்கள். அடுத்த டிரிப்புக்கும் ஆள் வரும்.